தெருவின் கணக்கு

"ஐயா, நான் எதற்குப் போட்டேன் என்று வெளியே தெரிந்துவிடுமா?"

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல் நாள். திருவாரூர் மாவட்டத்தில், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைச் சிற்றூர் ஒன்றில், ஊராட்சித் தொடக்கப்பள்ளியில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். கொரோனா காலம் என்பதால் வாசலில் வலக்கைக்கு பிளாஸ்டிக் கையுறை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவின் கையில் அது ஏறவில்லை. ஆண்டாண்டாக நாற்றுப் பறித்து, நட்டு, தடித்துப்போன விரல்கள். நகத்தோர வெடிப்பில் சிக்கி உறை கிழிந்தது. இன்னொன்று கொடுத்தோம், அதுவும் கிழிந்தது. இடக்கை ஆள்காட்டி விரலில் பருத்திக் கொல்லை மண் ஒட்டியிருந்தது. அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் மை வைக்க முடிந்தது. அப்போதுதான் என் பக்கம் குனிந்து, முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கி, முகவர்கள் பெஞ்சுக்குக் கேட்காத குரலில் அப்படிக் கேட்டார்.

"தெரியாது, அம்மா. பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியில் சின்னம் அச்சிட்ட சீட்டு ஏழு விநாடி உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும். பிறகு உள்ளே விழுந்துவிடும்" என்றேன். தலையாட்டிவிட்டு மறைப்புக்குள் போனார்.

நான் பள்ளி ஆசிரியன். 1996இல் முதன்முறை தேர்தல் பணிக்குப் போனேன். அன்று வாக்குச்சீட்டு, முத்திரை, அரக்கு வைத்த பெட்டி. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் இயந்திரம் வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் எனக்குப் பழகிப்போன ஒன்று, வாக்காளர் பட்டியலை ஊரின் வரைபடம்போல வாசிப்பது. பாகம், அதற்குள் பிரிவு. ஒவ்வொரு பிரிவின் தலைப்பும் ஒரு தெருவின் பெயர். அக்கிரகாரம், மேலத்தெரு, குடியானத் தெரு, ஆதிதிராவிடர் தெரு. டெல்டாவில் தெருவைச் சொன்னாலே சாதியைச் சொன்ன மாதிரிதான். அதனால் 'இந்த ஊர் இந்தக் கட்சி ஊர்' என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. ஊருக்கென்று ஓர் ஓட்டு கிடையாது. தெருவுக்குத்தான் உண்டு.

அதற்குக் காரணமும் இருக்கிறது. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் (சாணி கரைத்த நீரைக் குடிக்கவைப்பது) தண்டனையாக இருந்த காலத்தில், கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் வந்து சங்கம் கட்டினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடிச் சங்கத்தில் நின்றதும்தான் அவர்கள் செய்த குற்றம். கூலித் தொழிலாளர் தெருக்களின் முகப்பில் இன்றும் நிற்கிற செங்கொடிக் கம்பங்களை வெறும் கட்சி விளம்பரம் என்று என்னால் கடந்துபோக முடியாது. திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்வரும் பேரன்கள் இப்போது வேறு கணக்குப் போடுகிறார்கள். பாட்டிகள் பலர் அந்தக் கம்பத்தைப் பார்த்தே போடுகிறார்கள். இரண்டுக்கும் நான் மதிப்புக் கொடுப்பேன்.

2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. ஒருவர் கையில் நான்கு சீட்டுகள், நான்கு நிறங்கள். தலைவருக்கு இளஞ்சிவப்பு. அதில் கட்சிச் சின்னம் கிடையாது. உறவும் தெருவும்தான் பேசும். ஒன்றியக்குழு உறுப்பினருக்கான பச்சைச் சீட்டில் கட்சிச் சின்னம் வந்துவிடும். ஒரே வீட்டார் பச்சையில் ஒரு கட்சிக்கும் இளஞ்சிவப்பில் மாமன் மகனுக்கும் போட்டதாக வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதிலுக்கு வருகிறேன். மே 2ஆம் தேதி முடிவு வந்தது. இரண்டு நாள் கழித்து எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் ஒரு தாளை விரித்துவைத்துக்கொண்டிருந்தார். எண்ணும் மேசையில் இருந்த முகவர் சாவடிவாரியாகக் குறித்துக்கொண்டு வந்தது. கொரோனாவுக்காக ஒரு சாவடிக்கு 1,050 வாக்காளர்களுக்கு மேல் கூடாது என்று அந்த முறை சாவடிகளைப் பிரித்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பிரிப்பு தெருவை ஒட்டியே விழுந்துவிட்டது. தாளில் ஒரு வரியை விரலால் தொட்டு அவர் சொன்னார்: "காலனிப் பெட்டியில் நமக்கு விழுந்ததைப் பாருங்கள். இனி வாய்க்கால் தூர்வார வேண்டும், மதகு ஒழுகுகிறது என்று அந்தத் தெருக்காரன் எவனும் நம்மிடம் வரக்கூடாது."

எனக்குத் தேநீர் இறங்கவில்லை. கடைமடையில் மதகு என்றால் அது சோறு. தண்ணீர் வராத வாய்க்காலின் கரையில் நிற்பவரிடம் 'உன் ஓட்டு ரகசியம்' என்று சொல்லி என்ன பயன்? அந்த அம்மா கேட்டது தன் ஒருத்தியைப் பற்றி மட்டும்தானா என்று அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

சீட்டுக் காலத்தில் பல பெட்டிச் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்கு விதியில் இடம் இருந்தது. இயந்திரங்களுக்கும் அப்படி ஒரு வழி உண்டு. 'டோட்டலைசர்' என்ற கருவி பல சாவடிகளின் இயந்திரங்களைச் சேர்த்து மொத்தக் கணக்கை மட்டும் காட்டும். தேர்தல் ஆணையம் 2008இலேயே இதைக் கேட்டது. 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்னும் சாவடிவாரியாகத்தான் எண்ணுகிறோம். பெரிய நகரங்களில் இது யாருக்கும் உறைக்காது. தெருவுக்கு ஒரு சாவடி இருக்கும் ஊரில் உறைக்கும்.

2024 ஏப்ரல் நாடாளுமன்றத் தேர்தலுக்கு வேறொரு பள்ளி கிடைத்தது. முந்தின நாள் மாலை, சாமான்களை இறக்கியதும் முதலில் மறைப்பு வைக்கும் மூலைக்குப் போனேன். பின்னால் ஒரு ஜன்னல், கொக்கி உடைந்திருந்தது. மறைப்பை எதிர் மூலைக்கு மாற்றினேன். ஜன்னலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பழைய செய்தித்தாளை இரண்டு அடுக்காக ஒட்டினேன். வெளியே போய் நின்று, எந்தப் பக்கத்திலிருந்தாவது உள்ளே தெரிகிறதா என்று இருட்டும் வரை சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.