அம்மா கை வெச்சாத்தான் வண்டி கிளம்பும்

சோக் கேபிள் அறுந்தப்போ அப்பா சொன்னது, "அதெல்லாம் தேவையில்ல." ஸ்பீடோமீட்டர் நின்னப்பவும் இதேதான். பின்சீட்டு ஜன்னல் இறங்க மாட்டேன்னப்பவும் இதேதான். அந்த மாருதி 800-ல இவர் தேவையில்லன்னு தள்ளினதையெல்லாம் கழிச்சா, மிச்சம் நாலு சக்கரமும் டேஷ்போர்டு பிள்ளையாரும்தான்.

96 மாடல், பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்ப கார்புரேட்டர் வெச்ச வண்டி. கோயம்புத்தூரா இருந்தா சோக் இல்லாமலே காலத்தை ஓட்டிடலாம். இது குன்னூர். தை மாசம் விடியக்காலைல பெட்ரோல் ஆவியாகுமா? எஞ்சினுக்குப் போற மேனிஃபோல்டு குழாய் சுவத்துல ஈரமா ஒட்டிக்கிட்டு உள்ள போவேனாங்கும். காத்து வர்ற வாயை அடைச்சு, பெட்ரோலைக் கூடுதலா இழுத்துக் குடுக்கத்தான் அந்த சோக் குமிழே இருக்கு. போதாக்குறைக்கு இப்போ பங்க்ல ஊத்துறது எத்தனால் கலந்தது. அது ஆவியாக இன்னும் அதிகச் சூடு வேணும். எங்க ஊர்ல சூட்டுக்கு எங்க போறது?

அப்பாகிட்ட மாற்று வழி இருந்துச்சு. வண்டியை எப்பவும் இறக்கம் பார்த்தே நிறுத்துவார். காலைல ஹேண்ட்பிரேக்கை எடுத்து, உருளவிட்டு, ரெண்டாவது கியர்ல கிளட்சை விட்டா குலுங்கிக் குலுங்கிக் கிளம்பிடும். இந்த வாரம் பார்த்து எதிர்வீட்டுக்காரங்க மாடி எடுக்கிறேன்னு அந்த இடத்துல எம்-சாண்டைக் கொட்டிட்டாங்க. வண்டி சமதளத்துல. முகூர்த்தமோ மேட்டுப்பாளையத்துல, ஆறுலருந்து ஏழரை. அதுவும் சின்ன அத்தை வீட்டுக் கல்யாணம். லேட்டாப் போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

நாலரை மணிக்கு சாவியைத் திருப்பினார். கிர்ர்ர்ருன்னு ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஆக்சிலேட்டரை ரெண்டு மிதி மிதிச்சா கார்புரேட்டர் பம்பு கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும், அதுல பிடிச்சுக்கும். இவர் கோவத்துல மிதிச்ச மிதிக்கு உள்ள குளமே கட்டிடுச்சு. தெரு முழுக்க பெட்ரோல் வாசம். என்னைத் தள்ளச் சொன்னார். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கோயில் முக்கு வரைக்கும் தள்ளினேன். கோயில் முக்குக்கு வந்து சேர்ந்தோமே தவிர எஞ்சின் மூச்சே விடல.

அடுத்து பிளக்கைக் கழட்டினார். மூணும் கறுப்பா, சொதசொதன்னு. கையில எடுத்துக்கிட்டு நேரா அடுப்படிக்குப் போய், தோசைக்கல்லுல வரிசையா வெச்சு சூடு பண்ணார். பட்டுப்புடவையோட வந்து நின்ன அம்மா அந்தக் கல்லைப் பார்த்தாங்க, அப்பாவைப் பார்த்தாங்க. "இனிமே இதுல தோசை வேணும்னு கேளுங்க, அப்போ பேசிக்கலாம்."

பிளக்கை மாட்டியாச்சு. இன்னும் சோக் வேணுமே. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்துட்டு அப்பா என்னைக் கூப்பிட்டார். "கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால மூடு. நான் செல்ஃப் அடிக்கிறேன், பிடிச்சதும் எடு." நான் முழுசா மூடி வெச்சுட்டேனாம், மூச்சு முட்டி நின்னுச்சு. சீக்கிரம் எடுத்துட்டேனாம், மறுபடி நின்னுச்சு. அதுக்குள்ள பால்காரர், மேல்வீட்டு மாமா, வாக்கிங் போற ரிட்டயர்டு கோஷ்டின்னு எல்லாரும் கூடியாச்சு. மலை ரயில் ஷெட்டுல ஸ்டீம் எஞ்சினைக் கிளப்பக்கூட இவ்வளவு பேர் வேண்டியிருக்காது.

"தள்ளு நீ"ன்னு அம்மா வந்தாங்க. வளையலை முழங்கைப் பக்கம் ஏத்திவிட்டுக்கிட்டு, முந்தானையை இடுப்புல சொருகிட்டு, கையை வெச்சாங்க. "ம், அடிங்க." எஞ்சின் ஒரு செருமல் செருமுச்சு. அம்மா கையை எடுக்கல. சோத்துப் பதம் பார்க்கிற மாதிரி கண்ணை எங்கயோ வெச்சுக்கிட்டு, சுண்டுவிரல் பக்கம் மட்டும் லேசா தூக்கினாங்க. காத்து உஸ்ஸுன்னு உள்ள போற சத்தம். அப்புறம் இன்னொரு விரல். டப்புன்னு ஒரு வெடி, நான் ரெண்டடி பின்னால போனேன். அம்மா அசையல. எஞ்சின் பிடிச்சிடுச்சு.

பிடிச்சா போதுமா? சோக் குமிழ் ஐடிலிங்கையும், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதப்போ எஞ்சின் ஓடுற வேகத்தையும், சேர்த்து ஏத்திவிடும், உள்ளங்கைக்கு அந்த வசதி இல்லை. பர்லியார் வரைக்கும் அப்பா குதிகால்ல ஆக்சிலேட்டரும் முன்கால்ல பிரேக்குமா வந்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் அம்மா சஷ்டி கவசத்தை முதல்லருந்து ஆரம்பிச்சாங்க.

தாலி கட்டுறதுக்குள்ள போயிட்டோம். அம்மா அட்சதை போட்ட கையில ஒரே பெட்ரோல் வாசம். "என்ன அண்ணி, பங்க்குலருந்தா வர்றீங்க?"ன்னு அத்தை கேட்டாங்க. அப்பா முந்திக்கிட்டார். "இவ இல்லேன்னா இன்னைக்கு வண்டியே கிளம்பியிருக்காது." ரசத்துல உப்பு சரியா இருக்குன்னுகூட வாய் திறந்து சொல்லாத மனுஷன், பந்தியில உட்கார்ந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் இதைச் சொன்னார். அம்மா இலையைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க.

கேபிள் இப்போதைக்கு மாட்டப்போறதில்லையாம். கோயில் முக்கு வரைக்கும் தள்ளினவனைப் பத்தி மட்டும் அந்தப் பந்தியில ஒரு பேச்சு கிடையாது.