பட்டினி போட்ட மீன் விட்டதைப் பிடிக்குமா?

சில நாள் தீவனம் நிறுத்திவிட்டு மறுபடி போட்டால், மீன் வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்து இழந்த எடையை ஈடுகட்டும். இதற்கு ஈடுசெய் வளர்ச்சி என்று பெயர். உண்மைதான். ஆனால் இதையே தீவனச் செலவை மிச்சம் பிடிக்கும் வழியாகச் சொல்லும்போதுதான் கணக்கு இடிக்கிறது.

கடல்நீரில் வளர்த்த கலப்பினத் திலேப்பியாவை 1, 2, 4 வாரம் எனத் தனித்தனிக் குழுக்களாகப் பட்டினி போட்டு, பிறகு 4 வாரம் தீவனம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. ஒரு வாரம் பட்டினி கிடந்தவை மட்டுமே தொடர்ந்து தின்ற மீன்களின் எடையை எட்டின. மற்ற இரண்டு குழுக்களும் வேகமாக வளர்ந்தும் பின்தங்கியே நின்றன. செரிமானத் திறனோ, தின்றதைச் சதையாக்கும் திறனோ கூடவில்லை. மீன்கள் அதிகமாகத் தின்றன, அவ்வளவுதான். ஆக, இழந்த எடை திரும்புவது கூடுதல் தீவனத்தால்தான்.

அதனால்தான் எடைக்கு இத்தனை சதவீதம் என்ற தீவன அட்டவணையைப் பிடித்துக்கொண்டால் ஈடுசெய் வளர்ச்சி வராது. 100 கிராம் மீன் 2,000 இருந்தால் மொத்தம் 200 கிலோ. 3 சதவீதம் என்றால் நாளுக்கு 6 கிலோ. பட்டினிக்குப் பிறகு அதே மீன்கள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். ஆனால் குடல் சுருங்கியிருக்கும், செரிமான நொதிகளும் குறைந்திருக்கும். முதல் நாள் 2 கிலோ, மறுநாள் 4 கிலோ, மூன்றாம் நாள் 6 கிலோ என ஏற்றுங்கள். நான்காம் நாளிலிருந்து மிதவைத் தீவனத்தை 15–20 நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடலாம்.

இங்கேதான் குளம் கெடும். 32 சதவீதப் புரதமுள்ள ஒரு கிலோ தீவனம் ஏறக்குறைய 30 கிராம் அம்மோனியா நைட்ரஜனாகத் தண்ணீரில் சேரும். 6 கிலோ 9 கிலோவானால் நாளுக்கு 90 கிராம் கூடுதல். ஆக்சிஜன் செலவும் ஏறும். விடியற்காலை அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் காலைத் தீவனத்தைத் தள்ளிப்போடுங்கள். இரவு முழுக்க ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) ஓட்ட வழியில்லாத குளத்தில் இந்த முறையைத் தொடவே வேண்டாம்.

அடுத்த சிக்கல் கூட்டம். அமெரிக்காவில் கலப்பின சன்ஃபிஷ் என்ற நன்னீர் மீன்களைத் தனித்தனியே வைத்து, 2 நாள் பட்டினியும் அதன்பின் வயிறாரத் தீவனமும் மாறி மாறிக் கொடுத்தபோது, தினமும் தின்றவற்றைவிட இரண்டு மடங்கு வளர்ந்தன. 1997-இல் வந்த முடிவு அது. அதே கலப்பினத்தைக் கூட்டமாக வைத்துப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பெரியது முந்தித் தின்னும், சிறியது ஒதுங்கும். எனவே தீவனத்தை ஒரே மூலையில் கொட்டாமல் பரவலாக வீசுங்கள். விரால், கொடுவா குஞ்சுகளைப் பட்டினி போட்டால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். அவற்றுக்கு இது ஆகவே ஆகாது.

பச்சை நீர்க் குளத்தில் திலேப்பியாவுக்குத் தீவனத்தை நிறுத்தினாலும் முழுப் பட்டினி ஆகாது. பாசியையும் மிதவை உயிரிகளையும் தின்றுகொண்டிருக்கும். தொட்டியில் கிடைத்த முடிவு குளத்தில் அப்படியே வராததற்கு இதுவும் காரணம்.

இந்த இயல்பு நன்றாகப் பயன்படும் இடம் ஆந்திரத்தின் கிருஷ்ணா, கோதாவரி மாவட்டக் கெண்டைக் குளங்கள். ரோகு, கட்லா குஞ்சுகளை நெருக்கமாக விட்டு, குறைந்த தீவனத்தில் ஓராண்டு போலக் குன்ற வைத்து, 100 கிராமுக்கு மேல் வந்ததும் வளர்ப்புக் குளத்துக்கு மாற்றுகிறார்கள். இடமும் இரையும் கிடைத்ததும் மளமளவென ஏறும். பெரிய குஞ்சு என்பதால் சாவும் குறைவு. லாபத்தில் அதற்கும் பெரிய பங்குண்டு. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தரம் பிரித்து ஒதுக்கிய கழிசல் குஞ்சுகளும் பார்வைக்கு இதே அளவில்தான் இருக்கும். இயல்பிலேயே மெதுவாக வளர்பவை எவ்வளவு போட்டாலும் எட்டிப்பிடிக்காது.

பலனை அளக்க, 10 நாளுக்கு ஒருமுறை வீச்சு வலையில் 50 மீன் எடுத்து ஒவ்வொன்றாக நிறுங்கள். சராசரி ஏறியும் சின்னவை அப்படியே நின்றால் தீவனம் எல்லோருக்கும் எட்டவில்லை. சிறிய மீன் எப்போதுமே சதவீதக் கணக்கில் வேகமாக வளரும் என்பதால், பட்டினி கிடந்ததை அதே எடையுள்ள, பட்டினி காணாத மீனோடுதான் ஒப்பிட வேண்டும்.