லாங்வுட் சோலையில் ஒரு நாள்

22 நவம்பர் 2024, வெள்ளி, கோத்தகிரி

மாலையில் வந்து சேர்ந்தபோது தேயிலைத் தோட்டங்களின் மேல் மேகம் படிந்திருந்தது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தொட்டபெட்டா மலைத்தொடர் தடுத்துவிடுவதால், இப்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியம். நவம்பரில் பறவை பார்க்க வருபவர் மழைக்கும் மஞ்சுக்கும் ஆயத்தமாகத்தான் வர வேண்டும். நாளை லாங்வுட் சோலைக்குச் செல்ல அனுமதி கிடைத்திருக்கிறது. சுமார் 116 ஹெக்டேர் மட்டுமே பரப்புள்ள இந்தக் காடு, கீழேயுள்ள ஊர்களுக்கு நீர் தரும் ஊற்றுக்கண். கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துடன் சேர்ந்து இவ்வாண்டு ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

23 நவம்பர், சனி

விடிந்ததும் சோலைக்குள் நுழைந்தோம். உடன் வந்த வனக் காவலர் முதல் வளைவிலேயே நின்று, பாதையில் காட்டுமாடு இல்லை என்பதைக் காதால் உறுதி செய்துகொண்ட பிறகே மேலே நடந்தார். மரங்கள் குட்டையானவை, முறுக்கிய கிளைகளில் பாசியும் பெரணியும் அடர்ந்திருந்தன. மழை பெய்யவில்லை. மேகத்தின் ஈரமே இலைகளில் திரண்டு சொட்டியது. சருகில் விழும் ஒவ்வொரு சொட்டும், ஏதோ பறவை கிளறுகிறதோ என்று திரும்பிப் பார்க்க வைத்தது.

முதலில் கேட்டது நீலகிரிச் சிரிப்பானின் குரல். ஒன்று தொடங்கியதும் புதரெங்கும் சிரிப்பு பரவியது. வெண்புருவமும் செம்பழுப்பு வயிறும் கொண்ட ஒரு பறவை மட்டும் வெளியே வந்து, ஒரு பழத்தைக் கொத்திக்கொண்டு உடனே உள்ளே மறைந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத, அழிந்துவரும் இனம் என்று வகைப்படுத்தப்பட்ட பறவை, வேலியோரக் கூட்டத்தைப் போல இத்தனை இரைச்சலிடுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது.

நான் கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது காவலர் மெதுவாகச் சொன்னார்: "மேல பாக்காதீங்க சார், முழங்கால் உயரத்துல பாருங்க." அங்கே, ஈரத்தில் கறுத்த ஒரு தண்டின் மேல், கருஞ்செம்மை ஈப்பிடிப்பான் ஆண் அமர்ந்திருந்தது. தலையும் இறக்கைகளும் கருமை. மற்றவை பழுத்த ஆரஞ்சு நிறம். அது சருகில் குதித்து, எதையோ பற்றிக்கொண்டு, அடுத்த தண்டுக்குத் தாவி, தலையைச் சாய்த்துத் தரையையே கவனித்தது. சற்றுத் தள்ளி, கறுப்புக்குப் பதில் பழுப்புத் தலையுடன் பெண் பறவை. தாழ்புதர்களிலேயே இரை தேடும் இவ்வினத்துக்கு, சோலையின் அடித்தளத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று புதர்களை வெட்டுவதைவிடப் பெரிய கேடு இருக்க முடியாது.

வழியில் எதிர்ப்பட்ட ஒளிப்படக்காரர் ஒருவர், கைப்பேசியில் சோலைக்கிளியின் (பெயரில்தான் கிளி; தரையோரம் திரியும் சிறு பாடும் பறவை இது) பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுக் காத்திருந்தார். தன் எல்லைக்குள் அயல் ஆண் நுழைந்துவிட்டதென்று நம்பிய பறவை, இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. ஒரு படத்துக்காக அதை அலைக்கழிப்பது எனக்கு உடன்பாடில்லை. காவலர் நிறுத்தச் சொன்னார், அவரும் நிறுத்திவிட்டார். மேலும் சிறிது தூரம் சென்று ஓடைக்கரையில் அசையாமல் அமர்ந்திருந்தபோது, கருநீல மார்பும் செம்பழுப்பு விலாவும் கொண்ட சோலைக்கிளி தானாகவே பெரணிகளுக்கிடையே வந்து போனது.

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இதன் இடத்தில் இருப்பது வேறு இனம்; சிரிப்பான்களின் கதையும் அதுவே. வெப்பமான தாழ்நிலத்தைக் கடக்காத இப்பறவைகளுக்கு ஒவ்வொரு மலைமுகடும் ஒரு தீவு. 2017இல் வெளியான மரபணு ஆய்வு சோலைக்கிளிகளையும் இந்தச் சிரிப்பான்களையும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்தது.

மதியத்துக்கு முன் வெள்ளைக்கண்ணிகள், சாம்பல்தலை ஈப்பிடிப்பான்கள், பட்டாணிக் குருவிகள் கலந்த கூட்டம் ஒன்று தலைக்கு மேல் கடந்தது. அதன் பின் மஞ்சு இறங்கிவிட, ஒன்றும் தெரியவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

காலையில் சோலையின் வெளிவிளிம்பில் மட்டும் நடந்தேன். தேயிலையும் சீகை மரங்களும் தொடங்கும் இடத்தில் சிரிப்பான்களும் செம்மீசைச் சின்னான்களும் இருந்தன. கருஞ்செம்மை ஈப்பிடிப்பானைக் காணவில்லை. கனமான இறக்கையோசையுடன் ஒரு பெரிய புறா மேகத்துக்குள் பறந்தது. நீலகிரிக் காட்டுப்புறாவாகவே இருக்க வேண்டும். ஆனால் அதன் அடையாளமான, பிடரியிலுள்ள சதுரங்கக் கட்டம் போன்ற குறிகளைப் பார்க்காததால், பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் இணையதளத்தில் ஏற்றிய பட்டியலில் "புறா, இனம் உறுதியில்லை" என்றே குறித்திருக்கிறேன்.