வெள்ளியங்கிரி: இறக்கத்தில்தான் கவனம்

கோவை அருகே உள்ள வெள்ளியங்கிரியில் ஏழு மலைகள் ஏற வேண்டும். அடிவாரமான பூண்டியில் கிளம்பியதும் வரும் முதல் மலையின் படிக்கட்டிலேயே வேகம் காட்டுபவர்கள்தான் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிறதா? அதுதான் சரியான வேகம்.

ஒரு மாதம் முன்பே மாடிப்படி ஏறிப் பழகுங்கள், இறங்கியும் பழகுங்கள். இறங்கும்போது உடல் எடையை முன்தொடைத் தசை தாங்க வேண்டும். அது களைத்தால் முழங்கால் நடுங்கும், அங்கேதான் சறுக்கும். மூங்கில் தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு காலை வையுங்கள். கால் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் பெருவிரல் பாடுபடும்.

கடைசியான ஏழாவது மலையில் காற்று பலமாக இருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையோடு நின்றால் உடல் வெடவெடக்கும். மாற்றுச் சட்டையும் குல்லாவும் எடுத்துப்போங்கள். இரவில் ஏறினால் ஆளுக்கு ஒரு டார்ச், உபரி பேட்டரி.

கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் முன்னால், அனுபவசாலி கடைசியில். யாரையும் தனியே விடாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை, நெஞ்சு இறுக்குகிறது என்றால் மேலே போகக் கூடாது. துணையோடு உடனே உதவி தேடுங்கள். ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று உசுப்பேற்றும் நண்பர்தான் அங்கே ஆபத்து. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பவே வேண்டாம்.