ஆயா போன வாலிபர் மாநாடு

மே மாதத்தில், காட்பாடியில், மத்தியானம் மூன்று மணிக்கு போன் அடித்தால் எடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் மூளை உருகிக் கிடக்கும், யார் என்ன கேட்டாலும் "சரி" என்று சொல்லிவிடும். நான் எடுத்தேன். எங்கள் சபை ஆயர்.

"பிரதர், ஏலகிரி வாலிபர் மாநாட்டுக்கு நம்ம பிள்ளைங்க பதினாலு பேர் போறாங்கல்ல? கூடப் போக வேண்டிய பொறுப்பாளருக்கு அம்மை போட்டுடுச்சு. நீங்களும் சிஸ்டரும் போய்ட்டு வந்தீங்கன்னா..."

"சரிங்க ஐயா" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. என் மகளையும் மகனையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, மூன்று நாள் வீட்டில் யாரும் "டாடி, நெட் தீந்துபோச்சு" என்று சொல்லாத அமைதியை அனுபவிக்கலாம் என்று ஏப்ரலிலிருந்தே திட்டம் வைத்திருந்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. "என்னங்க, அப்ப அத்தையை யாரு பாத்துப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அத்தை என்றால் என் அம்மா. எங்கள் வீட்டிலும் தெருவிலும் சபையிலும் எல்லோருக்கும் ஆயா. வயது 76. இரண்டு முழங்காலும் தனித்தனியாக வானிலை அறிக்கை வாசிக்கும். அவரையும் சேர்த்து வேனில் ஏற்றுவது என்று முடிவாயிற்று.

ஆபீஸில் லீவ் கேட்கும்போது கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று "கோடைச் சுற்றுலா சார், மூன்று மாவட்டம்" என்றேன். பொய் இல்லை. முந்தின வாரம்தான் ஆற்காட்டில் சித்தி வீட்டுக்குப் போய் மக்கன் பேடா தின்றுவிட்டு வந்திருந்தோம், அது ராணிப்பேட்டை மாவட்டம். ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டம். நாங்கள் இருப்பது வேலூர் மாவட்டம். வீட்டில் இதை எடுத்துச் சொன்னபோது ஆயா பெட்டியில் ஸ்வெட்டரைத் திணித்துக்கொண்டே, "இன்னாடா மூணு மாவட்டம்? எல்லாம் ஒரே வட ஆற்காடு. வட ஆற்காட்டுக்குள்ளயே சுத்தறதுக்கு இத்தினி பெட்டியா?" என்றார்.

வட ஆற்காடு 1989-ல் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. மிச்சமிருந்த வேலூர் 2019-ல் மூன்றாக உடைந்தது. ஆயாவைப் பொறுத்தவரை இந்த அரசாணைகள் எதுவும் இன்னும் அமலுக்கு வரவில்லை. தபாலில் கூட "வ.ஆ. மாவட்டம்" என்றுதான் எழுதுவார். தபாலும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை காலை ஜெபம் பண்ணிவிட்டு வேன் கிளம்பியது. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது பையன்கள் ஜன்னல் வழியாக ஆற்றைத் தேடினார்கள், வழக்கம்போல மணல்தான் இருந்தது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வருவதற்குள் பாட்டு, கைத்தட்டல், டிரைவர் அண்ணனின் முறைப்பு எல்லாம் ஒரு சுற்று முடிந்துவிட்டது.

ஆம்பூரைத் தாண்டும்போது பிரியாணி சாப்பிடாமல் போவது பாவம் என்று வேதத்தில் நேரடியாக எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் நிறுத்தினோம். மணி பத்தரைதான். சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி. "அளவா சாப்பிடுடா, மலை ஏறணும்" என்று மகனிடம் சொன்னேன். பிளஸ் ஒன் படிக்கிற பையனிடம் அளவைப் பற்றிப் பேசுவது, சுங்கச்சாவடியில் பேரம் பேசுவது மாதிரி. இரண்டாவது தட்டும் வந்தது.

ஏலகிரி மலைப்பாதைக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர் ஒருவர் பெயரோ, கடையெழு வள்ளல்களில் ஒருவர் பெயரோ வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஏறி இறங்குவதற்குள் பாதி இலக்கிய வரலாறு முடிந்துவிடும். புலவர்கள் இருக்கும்வரை என் மகன் கண்ணை மூடி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு எப்படியோ சமாளித்துவிட்டான். வள்ளல்கள் வர ஆரம்பித்ததும் அவனுக்கும் கொடை உள்ளம் வந்துவிட்டது. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். என் மகன் முன் சீட்டுக்கு ஆம்பூர் பிரியாணி கொடுத்தான். முன் சீட்டில் இருந்தது நான்.

சட்டை மாற்றிக்கொண்டு மேலே போய் இறங்கினால், 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், காற்று சிலுசிலுவென்று இருந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த பையன்கள் "என்ன அங்கிள், இங்கயும் வெயிலா இருக்கு" என்றார்கள். வேலூர் கோஷ்டி மொத்தமும் ஸ்வெட்டரில் இருந்தது. ஆயா குரங்குக் குல்லா வேறு.

பதிவு மேஜையில் அடுத்த சிக்கல். மாநாட்டுக்கு வயது வரம்பு 15 முதல் 35. கழுத்தில் மாட்டும் அட்டை ஒரே வகைதான் அடித்திருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் "வாலிபர்", கீழே பெயர், சபை. பொறுப்பாளர் அட்டை தீர்ந்துவிட்டதாம். மேஜையில் இருந்த தம்பி தயங்கித் தயங்கி எனக்கு ஒன்று கொடுத்தான். மனைவிக்குத் தயங்காமல் கொடுத்தான், அதை அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். ஆயா கையை நீட்டினார்.

"ஆயா, உங்களுக்கு எதுக்கு?"

"அட்டை இல்லாம சோறு போடுவியா நீ?"

மூன்றாவது அட்டையும் வந்தது. ஆயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். "வா-லி-பர்." புடவைக்கு மேலே நேராகத் தொங்கும்படி இரண்டு தடவை சரிசெய்து போட்டுக்கொண்டார்.

எனக்கு ஆண்கள் கூடத்தில் இரண்டடுக்குக் கட்டிலின் மேல் தட்டு. கீழ்த்தட்டை எல்லாம் பையன்கள் முன்பே துண்டு போட்டுப் பிடித்துவிட்டார்கள். ஏறுவதற்கு ஒரு பையன் முதுகு கொடுத்தான். இறங்குவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். சாயங்காலம் செய்கைப் பாட்டு. இடுப்பை இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு, குதி என்றார்கள். இந்தப் பக்கம் திருப்பினேன். அதன் பிறகு என் இடுப்பு வேறு எந்தப் பக்கமும் திரும்பவில்லை. என் மகள் என்னைத் தெரியாத மாதிரி நாலு வரிசை தள்ளிப் போய் நின்றாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மணி அடித்தார்கள். அமைதி நேரம். ஆளுக்கொரு மரத்தடியில் வேதாகமத்தோடு உட்கார்ந்து தியானிக்க வேண்டும். இரவு முழுக்க மேல் தட்டில் உருண்டு விழுவேனோ என்ற பயத்தில் தூங்காத நான், பலாமரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தேன். இரண்டு வசனம் வாசித்தது நினைவிருக்கிறது. அப்புறம் யாரோ தோளைத் தொட்டார்கள். அன்றைக்குச் செய்தி, அதாவது பிரசங்கம், கொடுக்க வந்திருந்த செய்தியாளர். பின்னால் எட்டுப் பத்துப் பேர். என் குறட்டையில் சுற்றியிருந்த நாலைந்து மரத்தடிக்காரர்கள் தியானம் கலைந்து எழுந்து வந்திருக்கிறார்கள்.

நான் வழிந்துகொண்டு நிற்க, எங்கிருந்தோ ஆயா வந்தார். "யோவேல் ரெண்டாம் அதிகாரத்துல இன்னா எழுதியிருக்கு? வாலிபர் தரிசனம் பாப்பாங்க, மூப்பர் சொப்பனம் பாப்பாங்க. எம்புள்ள மூப்பன். சொப்பனம் பாத்துக்கினு இருந்தான். நீங்க போய் தரிசனத்தைப் பாருங்க." செய்தியாளர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மத்தியானக் கூட்டத்தில் இதையே உதாரணமாகச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார்.

சனிக்கிழமை ராத்திரி வேத வினாடி வினா. நாலு குழுக்கள். "யோபுவின் கடைசி மூன்று குமாரத்திகளின் பெயர் என்ன?" கூடம் அமைதியாகிவிட்டது. ஒரு பையன் சட்டைப்பையில் கையை விட்டு போனைப் பார்த்தான். சிக்னல் இல்லை. கடைசி வரிசையில், சமையல்கட்டிலிருந்து வாங்கி வந்த பூண்டை முறத்தில் வைத்து உரித்துக்கொண்டிருந்த ஆயா, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக்."

"யாரது பதில் சொல்றது?" என்று மைக் கேட்டது.

ஆயா பூண்டுக் கையோடு அட்டையைத் தூக்கிக் காட்டினார். "வாலிபர்."

கூடம் அதிர்ந்தது. ஆயா எங்கள் குழு, இல்லை எங்கள் குழு என்று நாலு பக்கமும் சண்டை. என்னைத் தெரியாத மாதிரி நின்றாளே என் மகள், அவள் மேடை ஏறி, "அவங்க என் சொந்த ஆயா, நான் அத்தாட்சி காட்டுறேன்" என்று கத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆயாவை நடுவர் ஆக்கிவிட்டுத்தான் போட்டி தொடர்ந்தது. அதுவும் சரிப்படவில்லை. தவறாகச் சொன்ன பையனுக்கும் "குழந்தை, பசியில இருக்குது" என்று பாதி மதிப்பெண் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடித்து, ஒரு முழுப் பலாப்பழத்தோடு இறங்கினோம். வேன் முழுக்க வாசனை. இறங்கும்போது மகன் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. போன ஞாயிறு எங்கள் சபையில் எழுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்குச் சால்வை போட்டார்கள். ஆயர் பெயர்களை வாசித்தார். ஒவ்வொருவராக முன்னால் போனார்கள். ஆயா பெயரை இரண்டு தடவை வாசித்தும் ஆயா அசையவில்லை. காது கேட்கவில்லையோ என்று நான் எட்டிப்போய், "எம்மா, கூப்புடறாங்க, போங்க" என்றேன்.

முந்தானைக்குள்ளிருந்து அந்த அட்டையின் ஓரத்தை மட்டும் வெளியே இழுத்துக் காட்டினார்.

"சும்மா இருடா. சால்வை வாங்கினா அடுத்த மே மாசம் சேத்துக்க மாட்டாங்க."