ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கையெழுத்து

தாலுகா ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. இரண்டு மணிக்கு இரண்டு காவலர்கள் கைதான ஒருவரைக் கூட்டி வந்தார்கள். "விசாரணைக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட் மட்டும் போட்டுக் கொடுங்க டாக்டர், நல்லாத்தான் இருக்கான்." நன்றாக இருப்பதை அவர்களே முடிவு செய்துவிட்டால் நான் எதற்கு?

காவலர்களைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னேன். முனகிக்கொண்டே போனார்கள். வேர்வை, கை நடுக்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். குடித்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வாடை இல்லை. ரத்தச் சர்க்கரை பார்த்தால் 52, ரொம்பக் குறைவு! காலையில் சர்க்கரை மாத்திரை போட்டவர், மதியத்திலிருந்து சாப்பிடவில்லை. இந்த நிலையில் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டியிருப்பார்.

குளுக்கோஸ் ஏற்றினேன். அப்புறம் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, உள்ளங்கால் வரை பார்த்தேன். சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்து தந்தையும் மகனும் இறந்த 2020-க்குப் பிறகு இதை நான் தவிர்ப்பதே இல்லை. காயம் இருந்தால் அதையும், ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவு. கைதானவருக்கும் ஒரு நகல் உண்டு.

"இப்போது விசாரணைக்குத் தகுதியில்லை, அட்மிஷன்" என்று எழுதினேன். ஏட்டு ஒரு பெருமூச்சு விட்டு, பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.