பெர்லினில் மகனுக்கு ஒரு சர்ச் கிட்டா

ஜெர்மனியில் குழந்தைக் காப்பகம் தேடுகிறவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் திருச்சபையின் வாசலில் போய் நின்றாக வேண்டும். இங்கே 'கிட்டா' என்று சொல்லும் காப்பகங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றைக் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சபைகளும் அவற்றின் சேவை அமைப்புகளான காரிட்டாஸ், டியாக்கோனி போன்றவையும்தான் நடத்துகின்றன. பெர்லினில் இந்தப் பங்கு குறைவு. ஆனால் நாங்கள் குடியிருக்கும் நொய்கோல்ன் பகுதியில் நடந்து போகிற தூரத்திலேயே சர்ச் கிட்டாக்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை விளக்கேற்றித் திருநீறு பூசும் வீட்டுப் பிள்ளையை அங்கே விடலாமா? புதிதாக வரும் நம்மூர்க் குடும்பங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். நாங்கள் 2022-இல் எப்படி முடிவெடுத்தோம் என்பதை எழுதுகிறேன்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் நலத்துறையான யூகெண்ட்ஆம்டில் விண்ணப்பித்து 'குட்ஷைன்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சேர்க்கும் தேதிக்கு ஒன்பது மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், இரண்டு மாதத்துக்கு முன்னாலாவது கொடுத்துவிட வேண்டும். அந்தச் சீட்டு அரசு கிட்டாவுக்கும் செல்லும், சர்ச் கிட்டாவுக்கும் செல்லும். 2018 ஆகஸ்ட் முதல் பெர்லினில் கிட்டாக் கட்டணமே கிடையாது, மதிய உணவுக்கு மட்டும் நாங்கள் சேர்த்தபோது மாதம் 23 யூரோ. சர்ச் கிட்டாவின் செலவிலும் பெரும்பகுதியை மாநில அரசே கொடுக்கிறது. அதனால் பணத்தை வைத்து இது வேண்டும், அது வேண்டாம் என்று தீர்மானிக்கும் பேச்சே எழவில்லை.

ஆனால் சீட்டு கையில் இருந்தால் இடம் கிடைத்துவிடாது. ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பக இடம் சட்டப்படியான உரிமை என்று 2013 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. ஆள் பற்றாக்குறையைச் சாக்காகச் சொல்லக் கூடாது என்று பெர்லின்-பிராண்டன்பூர்க் உயர் நிர்வாக நீதிமன்றமும் 2018 மார்ச்சில் சொல்லிவிட்டது. என்றாலும், கதவு கதவாகத் தட்டிக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதி வைத்தது நாங்கள்தான்.

ஊரில் சொன்னபோது நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடந்தது. தடை சொல்வார் என்று நினைத்த மாமியார் சிரித்துக்கொண்டே, "நான் தரங்கம்பாடில லுத்தரன் பள்ளிக்கூடத்துலதாம்மா படிச்சேன். காலைல ஜெபம் பண்ணிட்டு, சாயந்திரம் சிவன் கோயிலுக்குப் போவோம். என்ன கெட்டுப்போச்சு?" என்றார். தரங்கம்பாடியில் 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்கு ஜெர்மானியர்தானே. அந்த ஊர்க்காரர்களுக்கு ஜெர்மன் சபை ஒன்றும் அந்நியமில்லை. மாமனார்தான் யோசித்தார். "அவ எட்டு வயசுல போனா. உன் பிள்ளைக்கு ஒரு வயசும்மா. இந்த வயசுல மனசுல விழுந்தது லேசுல போகாது." அந்தக் கவலையை நான் ஒதுக்கவில்லை. ஒவ்வொரு கிட்டாவிலும் நான் கேட்ட கேள்விகளெல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

பெற்றோர்களே சேர்ந்து நடத்தும் மதச்சார்பற்ற கிட்டா ஒன்றைப் பார்த்தோம். அன்பானவர்கள், தோட்டமும் பெரியது. வீட்டுப் பழக்கங்களைப் பற்றிப் பேச்செடுத்ததும், "மதம் அவரவர் வீட்டோடு இருக்கட்டும், இங்கே அதைப் பேசுவதில்லை" என்று முடித்துக்கொண்டார்கள். அது ஒரு நியாயமான நிலைப்பாடு. ஆனால் நெற்றியில் திருநீறோடு வரும் என் பிள்ளையிடம் வேறொரு குழந்தை "இது என்ன?" என்று கேட்டால், அங்கே பெரியவர்களிடம் சொல்ல ஒரு பதில் இருக்காது என்று எனக்குப் பட்டது.

அப்புறம் ஒரு சர்ச் கிட்டா. அதன் தலைவி, "பெயர்தான் சர்ச், மதமெல்லாம் ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லை, பயப்படாதீர்கள்" என்றார். வெளியே வரும்போது அறிவிப்புப் பலகையில் வாரத் திட்டத்தைப் படித்தேன். காலைப் பிரார்த்தனை, பைபிள் நேரம், ஆலய வழிபாடு எல்லாம் வரிசையாக இருந்தன. அவை இருந்ததில் எனக்கு வருத்தமில்லை. என்னைச் சமாதானப்படுத்த அவற்றை மறைத்ததுதான் உறுத்தியது. அந்தப் பட்டியலிலிருந்து அன்றே பெயரை எடுத்துவிட்டோம்.

கடைசியில் சேர்த்தது ரிக்ஸ்டார்ஃப் பக்கம் இருக்கும் ஒரு புராட்டஸ்டண்ட் கிட்டாவில். ரிக்ஸ்டார்ஃபுக்கே ஒரு கதை உண்டு. 1737-இல் பொஹிமியாவிலிருந்து தங்கள் நம்பிக்கைக்காக ஊரைவிட்டு வந்த புராட்டஸ்டண்ட் குடும்பங்களைப் பிரஷ்ய அரசர் குடியமர்த்திய இடம் அது. அந்தத் தலைவி எங்களை உட்காரவைத்து, கேட்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சாப்பாட்டுக்கு முன் கைகோத்து ஜெபம் உண்டு. வாரம் ஒருமுறை பெண் போதகர் ஒருவர் வந்து பைபிள் கதை சொல்வார். அறுவடைத் திருநாள், மார்ட்டின் திருநாள், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாம் கொண்டாடுவார்கள். பிடிக்காத குழந்தை கைகோக்க வேண்டாம், ஆனால் மற்றவர்கள் முடிக்கும்வரை கரண்டியைத் தொடாமல் இருக்க வேண்டும். ஞானஸ்நானம் பற்றி எந்தப் பெற்றோரிடமும் பேச்செடுப்பதில்லை.

நான் மாமனாரின் கேள்வியைக் கேட்டேன். "இயேசு மட்டும்தான் சாமியா என்று அவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்கே நாங்கள் அவரிடம் வேண்டிக்கொள்கிறோம், உன் வீட்டில் யாரிடம் வேண்டுவீர்கள் என்று கேட்போம். அவன் சொல்வதை மற்ற குழந்தைகளும் கேட்பார்கள்" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து எங்களிடம் கேட்கத் தொடங்கினார். வீட்டில் என்ன பண்டிகைகள், எந்த மாதத்தில் வரும், என்ன சாப்பிட மாட்டான், உடம்பில் நாங்கள் கழற்றக் கூடாதது ஏதாவது இருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை. என் மனது அங்கேயே முடிவு செய்துவிட்டது.

இருந்தது அரைஞாண். கழுத்துச் சங்கிலி எதுவும் கூடாது, விளையாட்டுச் சாமானில் மாட்டினால் கழுத்து இறுகிவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். இடுப்பில் இருப்பதை வாங்கிப் பார்த்தார். வெள்ளி அரைஞாணை எடுத்துவிட்டு, இழுத்தால் அறுந்துவிடும் கறுப்புக் கயிறு கட்டுவதாக ஒப்புக்கொண்டோம். டயப்பர் மாற்றும் மேசைக்கு மேல் இருந்த அலமாரிக் கதவின் உள்பக்கம் அவன் பெயரோடு ஒரு சீட்டு ஒட்டினார்கள்: "இடுப்பில் கயிறு இருக்கும், அவிழ்க்க வேண்டாம்." கன்னத்து திருஷ்டிப் பொட்டை மட்டும் ஆரம்பத்தில் ஏதோ அழுக்கு என்று ஈரத்தாளால் துடைத்துவிட்டார்கள். சொன்னதும் அதுவும் சீட்டில் ஏறியது.

சாப்பாட்டில் இறைச்சியைவிடத் தொல்லை ஜெலட்டின். இங்கே பிறந்தநாள் என்றாலே கரடி உருவ ஜெல்லி மிட்டாய்தான், அதில் பெரும்பாலும் பன்றி ஜெலட்டின் இருக்கும். மார்ஷ்மெல்லோவிலும், சில தயிர் வகைகளிலும்கூட இருக்கும். சமையல்காரம்மா பொட்டலங்களை எடுத்து வந்து பின்பக்கம் அச்சிட்டிருப்பதை எனக்குக் காட்டினார். பன்றி சாப்பிடாத முஸ்லிம் குழந்தைகள் அந்தக் குழுவில் முன்பே இருந்ததால் அவருக்கு இது பழகிய வேலை. சைவம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், முட்டை, மீன், ஜெலட்டின் மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்.

ஒப்பந்தம் போடுமுன் தடுப்பூசிச் சான்று கேட்டார்கள். 2020 மார்ச் முதல் ஜெர்மனியில் தட்டம்மைத் தடுப்பூசி இல்லாமல் கிட்டாவில் சேர்க்க முடியாது. ஒரு வயதுக்கு ஒரு தவணை, இரண்டு வயதுக்கு இரண்டு. மகனுக்கு முதல் தவணை ஊருக்குப் போயிருந்தபோது, நம் அட்டவணைப்படி ஒன்பதாம் மாதத்தில் போட்டது. இங்கே வழக்கமாகப் பதினோராம் மாதம். குழந்தை மருத்துவர் ஊர் அட்டையைப் பார்த்து இங்குள்ள மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்தில் ஏற்றினார். சீக்கிரம் போட்டதால் இரண்டாவதை முதல் பிறந்தநாள் முடிந்ததுமே போடச் சொன்னார். ஊர் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பிள்ளையைக் கிட்டாவுக்குப் பழக்கப்படுத்தும் ஆரம்ப காலத்தைக் கணவர் பார்த்துக்கொண்டார், அவருடைய பெற்றோர் விடுப்பை அதற்காகவே ஒதுக்கி வைத்திருந்தோம். இதற்கென இருக்கும் 'பெர்லின் முறை'ப்படி முதல் மூன்று நாள் பெற்றவர் அறையிலேயே உட்கார்ந்திருப்பார், பிரிவே கிடையாது. நான்காம் நாள் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய்ப் பார்ப்பார்கள். குழந்தை அழுவது பிரச்சினை இல்லை, ஆசிரியை தூக்கினால் சமாதானமாகிறானா என்பதைத்தான் கவனிப்பார்கள். எங்கள் பிள்ளை உடனே சமாதானமாகவில்லை, அவசரப்படாமல் காலத்தை நீட்டினார்கள். ஆசிரியை 'தண்ணி', 'பசிக்குதா', 'அப்பா வருவாங்க' மூன்றையும் ஜெர்மன் எழுத்தில் எழுதித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் வாயில் 'வருவாங்க' பலவிதமாக உருண்டது. ஆனால் அதைக் கேட்டு என் மகன் அழுகையை நிறுத்தியதைக் கணவர் வந்து சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நவம்பரில் மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். 11-ஆம் தேதி மார்ட்டின் திருநாள். குழந்தைகள் காகித விளக்குகளை ஏந்தித் தெருவில் ஊர்வலம் போவார்கள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்த மார்ட்டின் என்ற ரோமானியப் படைவீரரின் கதை சொல்வார்கள். நான் அதைத் தமிழில் சொன்னதும் மாமியார், "மயிலுக்குப் போர்வை குடுத்த பேகன் மாதிரின்னு சொல்லு" என்றார். மாமனார் பேரனின் விளக்கைப் பிடித்தபடி கடைசிவரை நடந்தார். வீட்டுக்கு வந்தபின் என்னிடம், "கதை நல்லாருக்கும்மா. அவங்க கதைய அவங்க சொல்றாங்க, தப்பில்ல. பேகன் கதைய அவனுக்கு யார் சொல்றது?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை, அவரையே பொறுப்பேற்கச் சொன்னேன். குளிர்காலத்தில் ஊருக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம் என்பதால் வார நாட்களில் ஒத்துவரவில்லை. சனி, ஞாயிறு காலைகளில் வீடியோ அழைப்பில் கதை நடக்கிறது. பாரி, பேகன், கண்ணப்பர் என்று போய்க்கொண்டிருக்கிறது. மகன் இப்போது பெரிய குழந்தைகளின் குழுவுக்கு மாறிவிட்டான். அங்கே அவ்வப்போது ஆலயத்துக்கு நடத்திக் கூட்டிப்போவார்கள், அதற்குத் தனியாகக் கையெழுத்துக் கேட்டார்கள். மாமனாரிடமும் சொல்லிவிட்டுப் போட்டோம். பொங்கலன்று குழுவில் வந்து பொங்கல் வைக்க முடியுமா என்று அவர்களும் கேட்டிருக்கிறார்கள். மண்பானை வேண்டாம், சமையலறை அடுப்பில் எவர்சில்வர் பாத்திரத்தில் வைக்கலாம் என்று பேசி முடித்திருக்கிறோம்.